மின் குற்றவியல்: ஒரு பழைய பாய்மரப் படகை முன்வைத்து

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்கக் கூடாது என்பது நம் மரபு. முதலில் அதை முடித்துவிடுகிறேன். களம்: அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், செசபீக் விரிகுடா, அன்னாபொலிஸ் நகருக்குத் தெற்கே ஓர் ஓடைக்குள் ஒதுங்கிய படகுத் துறை. காலம்: படகு வாங்கிய ஏப்ரல் முதல், அதன் எஞ்சின் கேட்டவுடன் கிளம்பத் தொடங்கிய ஆகஸ்ட் வரை. மேல் எல்லை பாய்மர உச்சி விளக்கு. கீழ் எல்லை அடிக்குழிப் பம்பு. யாப்பு: கருப்பு இன்சுலேஷன் டேப். கேட்போர்: என் மனைவி, சில நாள் பக்கத்துப் படகுக் கிழவர். காரணம்: விற்றவர் தந்த தாளில் இருந்த ‘மின் இணைப்புகள் அனைத்தும் புதுப்பிக்கப்பட்டவை’ என்ற ஒரு வரி. பயன்: இருட்டுவதற்குள் கரை சேர்ந்துவிட வேண்டும் என்ற பயம் நீங்குதல்.

படகு 1985இல் வார்த்தது. 30 அடி நீளக் கண்ணாடியிழை உடல், ஒற்றைப் பாய்மரம், சின்ன டீசல் எஞ்சின். எனக்கு முன் நான்கு பேர் கையில் இருந்திருக்கிறது. உடலையும் பாயையும் எஞ்சினையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கம்பியை யார் தட்டிப் பார்ப்பார்கள்? முதல் வாரம், சுவிட்சுப் பலகையின் நான்கு திருகுகளைக் கழற்றி முன்னால் சாய்த்தேன். பின்னாலிருந்து ஒரு புதர் அப்படியே மடியில் வந்து விழுந்தது. எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: “ஏங்க, படகு வாங்கியிருக்கீங்களா, இல்ல இடியாப்பம் வாங்கியிருக்கீங்களா?”

இடியாப்பத்துக்காவது ஒரே நிறம்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் அது புதர் அல்ல, ஏட்டுச்சுவடி என்று புரிந்தது. மூல ஆசிரியர் ஒருவர், படியெடுத்தவர்கள் நால்வர். கட்டிய தொழிற்சாலையின் கை தனியாகத் தெரிகிறது: கம்பிகள் அடக்கமாக ஒரே திசையில் ஓடும். அடுத்து வந்தவர் வீட்டு வயரிங் செய்தவராக இருக்க வேண்டும். இரண்டு முனைகளை முறுக்கி, மேலே ஒரு பிளாஸ்டிக் தொப்பியைத் திருகிவிட்டிருக்கிறார். மூன்றாமவர் கார்க்காரர், ஓடும் கம்பியை வெட்டாமலே அதன் தோலைக் குத்தி மின்சாரம் திருடும் நீலக் கிளிப்புகள் அவர் கையெழுத்து. நான்காமவர் சால்டர் பக்தர். ஐந்தாமவர்தான் எனக்கு விற்றவர். அவர் எல்லாவற்றுக்கும் மேல் டேப் சுற்றியவர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியை அச்சிடும் முன்பு பல ஏடுகளை ஒப்பிட்டார். அவருக்குப் பல ஏட்டில் ஒரு நூல். எனக்கு ஒரே ஏட்டில் ஐந்து நூல்.

இனி வகுக்க ஓர் அளவுகோல் வேண்டும். மெக்கானிக்குகள் மின்குற்றத்தை மூன்றாக முடித்துவிடுவார்கள்: கட், ஷார்ட், லீக். என் மடியில் கிடந்ததற்கு மூன்று போதாது. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் கேட்க நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றம் பத்து என்று எண்ணி வைத்திருக்கிறார். அவர் பேட்டரியைப் பார்த்திருக்க வழியில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால், ஒன்றுகூட விட்டுப்போகாமல் படகில் இருந்தது. அவர் வரிசையில் நான் போகவில்லை. படகு எந்த வரிசையில் காட்டிக்கொடுத்ததோ அந்த வரிசையில் போகிறேன்.

குன்றக் கூறல்

சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. இது பேட்டரியின் குற்றம். கம்பிமேல் பழி போடும் முன் பார்க்க வேண்டியது. பிரான்சில் காஸ்தோன் பிளான்டே 1859இல் செய்து காட்டிய ஈயத் தகடும் கந்தக அமிலமும்தான் இன்னும் என் படகின் இருக்கைக்கு அடியில் உட்கார்ந்திருக்கின்றன. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்பது பெயர் மட்டும். அது சரியாக 12 காட்டினால் சங்கதி மோசம். சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.7 இருக்க வேண்டும். 12.2 என்றால் அரை வயிறு. 11.9 என்றால் பட்டினி. நிறைவுக்கும் காலிக்கும் நடுவே ஒரு வோல்ட்கூட இல்லை. பலகையில் பதித்திருந்த பழைய முள் மீட்டரில் இந்த வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள் அடங்கிவிடும்.

என்னிடம் இரண்டு பேட்டரி. ஒன்று 12.6. மற்றது 11.3, சார்ஜரில் ஒரு ராத்திரி போட்டும் காலையில் அதே 11.3. ஒரு செல் எப்போதோ காலமாகிவிட்டது. நான்காமவரும் ஐந்தாமவரும் கருமாதி செய்யாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

இரண்டையும் ஆள்வது ஒரு சுழல் சுவிட்சு. அதில் நான்கு நிலை: ஒன்று, இரண்டு, இரண்டும், அணை. தமிழில் ஒருமை உண்டு, பன்மை உண்டு. இருமை வடமொழிக்காரர்களுடையது. இந்தச் சுவிட்சு அந்த மரபு. நல்ல பேட்டரியும் செத்த பேட்டரியும் ‘இரண்டும்’ என்ற நிலையில் சேர்ந்தால், நல்லது கெட்டதைத் தூக்கிவிடாது. கெட்டதுதான் நல்லதை இழுத்துப் போடும். இன்னொன்று: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதை ‘அணை’க்குத் திருப்பினால், ஆல்டர்நேட்டர் உற்பத்தி செய்வதற்குப் போக்கிடம் இல்லாமல் அதன் டயோடுகள் எரிந்துபோகும். என் படகில் ஒருமுறை எரிந்து, மாற்றியும் இருக்கிறார்கள். ஆல்டர்நேட்டர் மட்டும் படகைவிட இருபது வயது இளையது.

நின்று பயன் இன்மை

கம்பி இருக்கும், வோல்ட்டும் இருக்கும், வேலை மட்டும் நடக்காது.

பாய்மரத்தின் நடுவில் ஒரு விளக்கு உண்டு. ராத்திரியில் எஞ்சின் போட்டு ஓடும்போது ஏற்ற வேண்டியது. அது எரியவில்லை. கயிற்றில் கட்டிய பலகையில் உட்கார்ந்துகொண்டேன். மனைவி வின்ச்சைச் சுற்றி என்னை மேலே ஏற்றினாள். சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 12.5. புது பல்பு மாட்டினேன். எரியவில்லை. பல்பைக் கழற்றினால் மறுபடி 12.5. மாட்டினால் இருட்டு. கீழேயிருந்து, “இறக்கட்டுமா? கை மரத்துப்போச்சு” என்று குரல் வந்தது.

இந்தப் புதிருக்கு விடை ஐம்பது வருஷத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் மீட்டரே கிடையாது. ஒரு ஹெட்லைட் பல்பு, இரண்டு வயர், முனையில் முதலைக் கிளிப். அவ்வளவுதான் மொத்தக் கருவி. “மீட்டரு சொல்லும் தம்பி, பல்புதான் செய்யும்” என்பார் கடைக்காரர். மீட்டருக்கு உள்ளே பல மெகா ஓம் தடை. அது மின்சாரத்தைக் குடிப்பதே இல்லை, மோந்து மட்டும் பார்க்கிறது. கம்பியின் முப்பது இழைகளில் ஒரே ஓர் இழை அறாமல் இருந்தாலும் மீட்டருக்கு அது போதும், 12.5 என்று சாட்சி சொல்லிவிடும். விளக்கு பசித்து வந்து இரண்டு ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஓர் இழையின் வறுமை தெரியும். பாய்மரத்தின் அடியில், மேல்தட்டில் இருந்த பிளக்கைத் திறந்தேன். ஓர் இழைதான் இருந்தது. மற்றவை பச்சைப் பொடி.

வேலை வாங்காமல் அளந்த அளவு அளவாகாது. இந்த நூலில் நூற்பாவாக நிற்கத் தகுதியுள்ள வாக்கியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் உரை.

சென்று தேய்ந்து இறுதல்

மேலே சொன்னதும் இதுவும் ஒன்றல்லவோ எனின், அன்று. அங்கே மின்சாரம் வந்து சேரவே இல்லை. இங்கே வந்து சேர்கிறது, ஆனால் பழநிக்குப் பாதயாத்திரை போனவன் மாதிரி வந்து சேர்கிறது. எழுத்தாளர்களும் இந்தக் குற்றத்தை அறிவார்கள்: முதல் அத்தியாயம் ஓங்கித் தொடங்கும், கடைசி அத்தியாயத்தில் ஆள் இருக்க மாட்டான். பத்தில் இதுதான் படகின் தலைமைக் குற்றம். இதற்குத்தான் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் போயின.

எஞ்சினைக் கிளப்ப, ஹீட்டர் பிளக்கை அரை நிமிடம் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பத்துத் தடவையில் ஒரு தடவை சுழலும். பக்கத்துப் படகுக் கிழவர் ஸ்டார்ட்டர் போய்விட்டது என்றார். துறை மெக்கானிக்கும் அதையே சொல்லி, விலையும் சொன்னார். எனக்கு அந்த ‘டிக்’ மேல்தான் சந்தேகம். செத்த ஸ்டார்ட்டருக்கு அவ்வளவு தெளிவான உச்சரிப்பு இருக்காது.

பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டரின் சோலனாய்டுக்கு நேர்த் தூரம் நான்கடி. ஆனால் அதை உசுப்பும் மின்சாரம் அந்த வழியாகப் போவதில்லை. எஞ்சினிலிருந்து ஒரு பிளக், அங்கிருந்து அமரம் வரை கம்பி, அங்கே சுக்கானுக்கு அருகில் இருக்கும் சாவி, சாவியிலிருந்து பட்டன், பட்டனிலிருந்து வந்த வழியே திரும்பி, இன்னொரு பிளக், பிறகுதான் சோலனாய்டு. நான்கடித் தூரத்துக்கு முப்பதடிப் பிரதட்சணம். அந்தப் பிளக்குகள் டிரெய்லர் விளக்குக்குப் போடுகிற ரகம்; ரப்பருக்குள் பித்தளை ஊசி, நாற்பது வருஷ ஈரம்.

அளப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் எஞ்சினுக்குப் பின்னால், கால்மாட்டுப் படுக்கைக்கு அடியிலிருக்கும் பொந்துக்குள் மல்லாந்து கிடந்தேன். மூக்குக்கு மேல் நான்கு அங்குலத்தில் எக்ஸாஸ்ட் குழாய். மனைவி மேலே பட்டன் அருகில்.

“இப்ப அழுத்தட்டுமா?”

“அழுத்து.”

‘டிக்.’

“விடாத. அழுத்திக்கிட்டே இரு.”

“எவ்வளவு நேரங்க? இது வெடிக்காதுல்ல?”

பட்டன் அழுந்தியிருக்கும்போது பேட்டரியில் 12.5. சோலனாய்டின் சின்ன முனையில் 8.3. வழியில் 4.2 வோல்ட் காணவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் இந்தப் பக்கமும் மறு முனையை அந்தப் பக்கமும் வைத்து, ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். முதல் பிளக்: 1.4. சாவி: 0.8. பட்டன்: 0.6. திரும்பும் பிளக்: 1.4. கூட்டினால் 4.2. பைசா சுத்தமாகக் கணக்கு நேரானபோது, அந்தப் பொந்துக்குள் கிடந்தபடியே நான் சிரித்துவிட்டேன். “என்னாச்சு, ஷாக் அடிச்சிருச்சா?” என்று மேலிருந்து கேள்வி. ஜெர்மனியில் கியோர்க் ஓம் தன் விதியை 1827இல் புத்தகமாகப் போட்டபோது அவருக்குப் பெரிய வரவேற்பு இல்லை. அவருக்கு மனைவியை விட்டுப் பட்டன் அழுத்தச் சொல்லி அளக்கும் வசதி இருந்திருந்தால் எளிதில் நிரூபித்திருப்பார்.

படகுகளின் மின்விதிகளை வகுக்கும் அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் 1954இல் தொடங்கியது. தலைமையகம் இதே அன்னாபொலிஸில்தான். அதன் இ-11 என்ற விதித்தொகுப்பு, வழிநடை விளக்கு போன்ற முக்கியச் சுற்றுகளில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் வோல்ட் தேயக் கூடாது என்கிறது; மற்றவற்றுக்குப் பத்து வரை தாங்கலாம். எனக்குத் தேய்ந்தது மூன்றில் ஒரு பங்கு.

இதைவிட மோசமானது அதே கம்பிக்கட்டில் ஒளிந்திருந்தது. சுக்கான் பக்கம் ஓர் அம்மீட்டர் இருந்தது, பார்க்க அழகாக. அந்த அம்மீட்டருக்காக ஆல்டர்நேட்டரின் உற்பத்தி முழுவதும் அதே பிளக் வழியாக மேலே போய், மீட்டரைச் சுற்றி, அதே பிளக் வழியாகக் கீழே வந்துகொண்டிருந்தது. ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆம்பியர் ஓடினால் அந்த ஊசியில் 90 வாட் சூடு. மேசையில் வைத்துப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். பிளக்கைப் பிரித்தபோது ரப்பர் ஒரு பக்கம் அப்பளம்போலப் பொரிந்திருந்தது. படகு எரியாமல் என் கைக்கு வந்தது ஐந்தாமவரின் சோம்பேறித்தனத்தால். அவர் எஞ்சினை அதிகம் ஓட்டவில்லை.

அம்மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வைத்தேன். ஆல்டர்நேட்டர் கம்பியைத் தடித்ததாக நேரே ஸ்டார்ட்டர் முனைக்குக் கொண்டுவந்தேன். பிளக்குகள் இரண்டையும் வெட்டி, திருகு முனைகள் கொண்ட கட்டை வைத்தேன். செலவு, மெக்கானிக் சொன்னதில் பத்தில் ஒன்று. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை, முதல் அழுத்தலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வழூஉச்சொற் புணர்த்தல்

வழுவான சொல்லைச் சேர்த்தல் என்பார்கள் உரைகாரர்கள். வழுவாகச் சேர்த்தல் என்று நான் கொள்கிறேன். சொந்தமாக உரை எழுதுவதில் உள்ள ஒரே வசதி இது. நான் கண்டவரை, படகில் கருவிகள் கெடுவது அபூர்வம். பம்பு நல்ல பம்பு, விளக்கு நல்ல விளக்கு. கெடுவது கம்பியும் கருவியும் சேரும் இடம். தொல்காப்பியத்தில் சொற்கள் சேர்வதைச் சொல்லும் இயலுக்குப் புணரியல் என்று பெயர். பழந்தமிழில் புணரி என்றால் கடல். இரண்டையும் சேர்த்து அனுபவிக்க ஒரு பழைய படகு வாங்க வேண்டியிருக்கிறது.

புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். கம்பியிலும் அதே மூன்று.

தோன்றல் என்பது பச்சைக் களிம்பு தோன்றுதல். புளி போட்டுத் தேய்க்காத பித்தளைக் குடத்தில் பார்த்திருப்பீர்கள். அடிக்குழிப் பம்பின் மிதவைச் சுவிட்சில் இரண்டு இணைப்புகள், இரண்டும் தண்ணீர் நிற்கும் குழிக்குள்ளேயே. தண்ணீரை வெளியேற்றும் கருவியின் இணைப்பைத் தண்ணீரிலேயே வைத்த அந்தக் கையை நான் மன்னிக்கவில்லை.

திரிதலுக்குத் தமிழில் முறுக்கேறுதல் என்றும் பொருள் உண்டு. இரண்டாமவர் அந்தப் பொருளையே கொண்டார். முறுக்கித் தொப்பி போட்ட இணைப்பு சுவருக்குள் ஆயுசுக்கும் அசையாமல் கிடக்கும். படகில் எஞ்சின் ஒவ்வொரு நிமிடமும் ஆயிரத்துக்கு மேல் உதறும், தொப்பி தானாகத் திருகிக் கழலும். சால்டர் மேல் நம் எல்லோருக்கும் பக்தி உண்டு, நான்காமவருக்கு மட்டுமல்ல. ஆனால் ஈயம் ஊறிய இடம்வரை கம்பி விறைத்து, ஊறாத இடத்தில் துவண்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டில் ஆட்டத்தில் ஒடிந்துபோகும். சால்டரை மட்டுமே நம்பிக் கம்பியை நிறுத்தாதே என்பது விதி.

கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. தோல் புதுசாக இருக்கும், உள்ளே செம்பு கருத்திருக்கும். ஈரம் முனையில் நுழைந்து, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்குள் ஏறும். ஓர் அங்குலம் வெட்டினேன், கருப்பு. இன்னும் ஓர் அங்குலம், கருப்பு. ஒரு முழம் போன பிறகுதான் செம்பின் நிறம் வந்தது. அதற்காகத்தான் படகுக்கு ஈயம் பூசிய செம்புக் கம்பி போடுகிறார்கள். நம் வீட்டுப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய அதே நியாயம்.

இயல்புப் புணர்ச்சியும் உண்டு. ஈயம் பூசிய பல இழைக் கம்பி, அளவுக்கேற்ற லக், நல்ல கிரிம்பிங் கருவியால் ஓர் அமுக்கு, மேலே, சூடு காட்டினால் பசை உருகி ஒட்டும் குழாய்த் தோல். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வராது என்று நம்பிக்கொண்டு இழுக்கக் கூடாது. வர வேண்டும் என்று இழுக்க வேண்டும்.

மயங்க வைத்தல் முதலிய நான்கு

சுவிட்சுப் பலகையில் ‘குளிர்பெட்டி’ என்று எழுதிய சுவிட்சைப் போட்டால் முகப்பு விளக்குகள் எரிந்தன. இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று கௌரவமான பெயர் இருக்கிறது. குளிர்பெட்டி படகில் இல்லவே இல்லை.

ஆனால் மயக்கத்தில் ஆளைக் கொல்லும் மயக்கம் ஒன்று உண்டு. அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது. கருப்புக் கம்பிக்கு என்ன பொருள்? ஊரில் நான் வயரிங் பழகிய காலத்தில் சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. அமெரிக்க வீட்டில் கருப்புதான் உயிருள்ள கம்பி, வெள்ளை நியூட்ரல். படகின் 12 வோல்ட் சுற்றில் கருப்பு என்பது பேட்டரியின் நெகட்டிவ், தொட்டால் ஒன்றும் ஆகாது. படகில் கரையிலிருந்து வரும் 120 வோல்ட்டும் உண்டு, அதில் கருப்பு மறுபடியும் உயிருள்ளது. ஒரே பலகைக்குப் பின்னால், ஒரே நிறத்தில், பசுவும் பாம்பும். அதனால்தான் இப்போதைய விதி 12 வோல்ட் நெகட்டிவுக்கு மஞ்சள் போடலாம் என்கிறது. நான் கரைக் கம்பியைத் துறைத் தூணிலிருந்தே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிறகுதான் பலகையைத் திறப்பேன்.

வெற்றெனத் தொடுத்தல் எளிது: எங்கோ தொடங்கி எங்கோ போய், ஒன்றும் சொல்லாத கம்பிகள். அதில் ஒன்று லோரான்-சி என்ற பழைய வழிகாட்டும் ரேடியோவுக்குப் போட்டது. அமெரிக்கா அந்த ரேடியோ நிலையங்களை 2010 பிப்ரவரியில் அணைத்துவிட்டது. கம்பிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, ஃபியூசோடு உயிரோடு காத்திருந்தது. இவ்வகை வயர்களை எல்லாம் உருவிக் காய்கறி வாங்கும் இரண்டு பைகளில் போட்டோம். படகு ஒரு விரற்கடை உயர்ந்து மிதந்ததாக மனைவி சொல்கிறாள்.

அடிக்குழிப் பம்பில் மாறுகொளக் கூறலும் கூறியது கூறலும் ஒருங்கே இருந்தன. பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்ததால் பம்பு தலைகீழாகச் சுழன்று, தண்ணீரை வெளியே தள்ளாமல் கலக்கிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு ஃபியூஸ் வழியாக இரண்டு தனித்தனி மின்வரவு. ஒன்றைப் பிடுங்கிவிட்டேன் என்று நம்பிக் கை வைத்தபோது அது என் விரலைக் கலக்கியது.

மிகைபடக் கூறல்

சார்ஜர் 15 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துப் பேட்டரியைக் கொதிக்கவைப்பது இதில் ஒரு வகை; அழுகிய முட்டை நாற்றமே அறிவிப்பு. மற்ற வகை ஃபியூஸ். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போட்டிருந்தார் மூன்றாமவர். ஊரில் ஃபியூஸ் கட்டையில் தடிக் கம்பியாகச் சுற்றிவிட்டு, “இனிமே போகாது சார்” என்று சொல்லிச் செல்பவரின் ஒன்றுவிட்ட சகோதரர் அவர். ஃபியூஸ் கருவியைக் காப்பாற்ற வந்ததல்ல. கம்பியைக் காப்பாற்ற வந்தது. பெரிய ஃபியூஸ் போட்டால் கம்பியே ஃபியூஸ் ஆகிவிடும், படகு அதன் கட்டை. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பிளஸ் கம்பிக்கும் 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது பொது விதி. எஞ்சினைச் சுழற்றும் தடிக் கம்பிக்கு மட்டும் விலக்கு. என் படகில் அந்த 7 அங்குலத்துக்குள் இருந்தது ஒரு செத்த கரப்பான்.

மற்றொன்று விரித்தல்

போக வேண்டிய வழியை விட்டு மின்சாரம் வேறெங்கோ போவது. இந்தப் பகுதியில் நானும் கொஞ்சம் வேறெங்கோ போவேன்.

பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் மர அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு அடித்தது, புழு துளைக்காமலிருக்க. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் செம்பு அப்படியே இருந்தது, இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பித்திருந்தன. காரணம், தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைத் தொழிலாளிகள் அங்கங்கே உரிக்காமல் வைத்து அடித்துவிட்டார்கள். இரும்பும் செம்பும் தொடாத இடத்தில் ஆணி பிழைத்தது. இரண்டு உலோகமும் நடுவில் உப்பு நீரும் இருந்தால் அது பேட்டரி என்று வோல்ட்டா 1800இல் அடுக்கிக் காட்டுவதற்கு நாற்பது வருஷம் முன்பே, ஒரு கப்பல் பேட்டரியாக மிதந்துகொண்டிருந்திருக்கிறது. 1824இல் ஹம்ப்ரி டேவி செம்புத் தகட்டைக் காக்க அதோடு இரும்பும் துத்தநாகமும் சேர்த்துப் பார்த்தார். செம்பு கரையவில்லை, உண்மை. கரையாத செம்பில் விஷம் இறங்காததால் சிப்பியும் பாசியும் குடியேறிக் கப்பல் நகரவில்லை.

என் படகில் இன்றும் அந்தத் துத்தநாகத்தின் வாரிசுகள் சுழலித் தண்டில் மாட்டியிருக்கின்றன, தாங்கள் கரைந்து வெண்கலத்தைக் காக்க. செசபீக்கின் தண்ணீர் வடக்கே சஸ்குவஹானா ஆறு விழும் இடத்தில் குடிநீர் மாதிரி, தெற்கே வாயில் கடல் மாதிரி. நடுவிலிருக்கும் எங்களுக்கு உப்புக்கஞ்சித் தண்ணீர். இதற்குத் துத்தநாகத்தைவிட அலுமினியக் கலவை பொருத்தம். அதை மாட்டியும் ஒன்றரை மாதத்தில் பாதி காணவில்லை. காரணம் என் படகில் இல்லை. கரைக் கம்பியின் பச்சை எர்த்து, துறையிலுள்ள எல்லாப் படகுகளையும் நீருக்கு வெளியே ஒன்றாகக் கட்டிவைக்கிறது. நீருக்குள்ளே எல்லாம் ஏற்கெனவே ஒன்றுதான். பக்கத்துக் கிழவரின் படகில் கவச உலோகம் ஒரு துண்டுகூட இல்லை. என் அலுமினியம் அவருடைய சுழலிக்கும் சேர்த்து உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. எர்த்துக் கம்பியில் கால்வானிக் ஐசொலேட்டர் ஒன்று வைத்த பிறகு எங்கள் உறவில் சிறிது தணுப்பு.

மற்றொன்று விரித்தலின் கொடிய வடிவம் 120 வோல்ட் கசிந்து தண்ணீருக்குள் பரவுவது. உப்பு நீரைவிட நன்னீரில்தான் ஆபத்து. அங்கே நீந்துகிறவரின் உடம்பே நீரைவிட நல்ல கம்பி. கரண்டு உள்ள துறையில் நீந்தாதே என்று இங்கே பலகை மாட்டியிருப்பது ஜெல்லி மீனுக்காக அல்ல.

புறனடை

சொல்லாதவற்றையும் அடக்கிக்கொள்ள நூலின் கடைசியில் ஒரு புறனடை வைப்பார்கள். எனக்கும் ஒன்று தேவைப்படுகிறது.

ஆழம் காட்டும் கருவி துறையில் நன்றாக வேலை செய்கிறது. எஞ்சினில் ஓடும்போதும் செய்கிறது. பாய் விரித்து, படகு வலப்பக்கம் சாய்ந்தாலும் செய்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் மட்டும் எண் மறைந்து மூன்று கோடு வருகிறது. படகு சாயும்போது எங்கோ ஒரு கம்பி நகர்கிறது. துறையில் கட்டிவைத்து எப்படிச் சாய்ப்பது? கம்பி முழுவதையும் கையால் தடவினேன். இணைப்புகளைப் புதுப்பித்தேன். பல்பு வைத்துப் பார்த்தேன். நான் கருவிப்பெட்டியோடு கீழே இறங்கியதும் எண் தெரிகிறது. மேலே ஏறியதும் போகிறது. பத்தில் இதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

இந்த விரிகுடாவின் சராசரி ஆழமே 21 அடி. 1875இல் கட்டிய தாமஸ் பாயின்ட் கலங்கரை விளக்கம் நிற்கும் மணல்திட்டைச் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் வீடு திரும்ப வேண்டும், மேற்குக் காற்றானால் இடப்பக்கம் சாய்ந்தபடி. அந்த இடம் வந்ததும் மனைவி, நான் சொல்லாமலே, கொக்கிக் கழியை எடுத்துக்கொண்டு அணியத்துக்குப் போய்விடுகிறாள். தண்ணீரில் விட்டு எடுத்து, நனைந்த இடத்தைப் பார்த்து, “ஆறடிக்கு மேல இருக்குங்க, போங்க” என்கிறாள்.